கல்லேறும் வண்டி: சிக்கனமாய் ஒரு செய்முறைப் பாடம்

தியாகராய நகர்க் கடைகளில் விற்கும் வானொலிக் கட்டுப்பாட்டுப் பொம்மைக் கார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வழவழப்பான தரையில் அவை பறக்கும். ஒரு செங்கல்லைக் குறுக்கே வைத்தால் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அந்தச் செங்கல்லின் மேல் ஏறி, இறங்கி, அடுத்த கல்லையும் கடப்பதற்கென்றே அமைக்கப்படும் வண்டிக்கு ‘ராக் கிராலர்’ என்று பெயர். தமிழில் கல்லேறும் வண்டி எனலாம். அயல்நாட்டுத் தயாரிப்புகளின் விலையைக் கேட்டால் மாணவர் மனம் சோர்ந்துவிடும். ஆனால் இவ்வண்டியை மேலே ஏற்றுவது பணமன்று, பௌதிகம். எங்கே செலவு செய்ய வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்பதைப் பௌதிகமே சொல்லிவிடுகிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எவ்வளவு விசை தேவை?

இரண்டு கிலோ எடையுள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. வண்டி 45 பாகைச் சரிவில் ஏற வேண்டுமாயின், அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 13.9 நியூட்டன். இதை ஆரத்தால் பெருக்கினால் தேவையான திருப்புவிசை 0.69 நியூட்டன் மீட்டர் என்று கிடைக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார் வைத்தால் ஒவ்வொன்றின் பங்கு 0.17 நியூட்டன் மீட்டர். கடைக்காரர் கணக்கில் சொன்னால் சுமார் 1.8 கிலோ சென்டிமீட்டர். கல்லின் மேல் ஏறும்போது முழுச் சுமையும் இரண்டொரு சக்கரங்களின் மேல் விழக்கூடும். ஆகவே மும்மடங்காக, 5 அல்லது 6 கிலோ சென்டிமீட்டர் தரும் மோட்டாரை வாங்குவது நன்று.

இத்தகைய விசை வேகமான மோட்டாரில் நேராகக் கிடைக்காது. பல்சக்கரங்களால் வேகத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக விசையைப் பெற வேண்டும். நிமிடத்திற்கு 60 சுற்றுச் சுற்றும் ‘கியர் மோட்டார்’ நம் வண்டியை வினாடிக்கு 31 செ.மீ. நகர்த்தும். இதுவே அதிகம், 30 சுற்று இன்னும் பொருத்தம். பல்சக்கரங்கள் உலோகத்தால் ஆனவையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பற்கள் முதல் கல்லிலேயே உதிரும். முதல் செலவு இங்கேதான்.

2. பிடிப்பு இல்லையேல் விசை வீண்

மோட்டாருக்கு எவ்வளவு வலிமை இருந்தாலும், சக்கரம் வழுக்கினால் பயனில்லை. 30 பாகைச் சரிவில் நிற்க உராய்வுக் குணகம் 0.58 இருந்தால் போதும். 45 பாகைக்கு 1 வேண்டும். இதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. நீங்கள் ஓட்ட விரும்பும் கல் ஒன்றைப் பலகையில் பதித்து, சக்கரங்கள் சுழலாதபடி கட்டிய வண்டியை அதன்மேல் வைத்துப் பலகையை மெல்ல உயர்த்துங்கள். வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். பட்டப்படிப்பின் முதலாண்டுச் சோதனைதான் இது.

சக்கரத்தின் மேல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டி, அடியில் மெத்தென்ற ஸ்பாஞ்சு வைத்தால் ரப்பர் கல்லின் மேடுபள்ளங்களில் அமிழ்ந்து பற்றும். பழுது பார்க்கும் கடையில் கழித்துப் போட்ட டியூபே இதற்குப் போதும்.

3. முக்காலி ஏன் ஆடுவதில்லை?

கரடுமுரடான தரையில் முக்காலி ஆடாமல் நிற்கும், நாற்காலி ஆடும். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது அப்படி அமையும் என்பதற்கு உறுதியில்லை. நான்கு சக்கர வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் மோட்டார் வீணாகச் சுழலும்.

இதற்கு எளிய மாற்று உண்டு. இருபக்கமும் ஒவ்வொரு அலுமினியப் பட்டையை வைத்து, பட்டையின் இரு முனைகளிலும் மோட்டாருடன் கூடிய சக்கரங்களைப் பொருத்துங்கள். ஒரு பட்டையை உடலுடன் இறுக்கிவிடுங்கள். மற்றொன்றை அதன் நடுவே ஒரே ஒரு போல்ட்டில் ஊசலாடும்படி விடுங்கள். அவ்வளவுதான்: ஸ்பிரிங் இல்லாமலே நான்கு சக்கரங்களும் எப்போதும் தரையைத் தொடும்.

பேட்டரியைப் பட்டைகளுக்கு இடையே, கல்லில் இடிபடாத அளவுக்குத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். இருபக்கச் சக்கரங்களுக்கு இடையே 20 செ.மீ. அகலமும், ஈர்ப்பு மையம் 10 செ.மீ. உயரத்திலும் இருந்தால் வண்டி 45 பாகைச் சாய்வில் கவிழும். ஈர்ப்பு மையத்தை 6 செ.மீ.க்கு இறக்கினால் 59 பாகை வரை தாங்கும். இந்த இலாபத்திற்கு ஒரு காசும் செலவில்லை.

4. நிலவில் ஓடிய வண்டி

மேற்சொன்னவை வெறும் விளையாட்டு அல்ல என்பதற்குப் பிரக்யான் சான்று. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்–3 நிலவில் இறங்கியது. அதிலிருந்து வெளிவந்த பிரக்யான் 26 கிலோ எடையும் ஆறு சக்கரங்களும் கொண்டது. அதற்கும் ஸ்பிரிங் கிடையாது. ஊசலாடும் கைகளே உண்டு. சக்கரத்திற்கு ஒரு மோட்டார் வீதம் ஆறு மோட்டார்கள். திரும்புவதும் இருபக்கச் சக்கரங்களின் வேக வேறுபாட்டால்தான். அதன் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். மொத்தம் சுமார் 100 மீட்டர் தூரம் சென்றது. ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் தொலைவில் நான்கு மீட்டர் விட்டமுள்ள பள்ளம் தென்பட்டதும், வந்த வழியே திரும்பும்படி கட்டளை அனுப்பப்பட்டது.

இத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்; பாலிடெக்னிக்கில் தொடங்கி, அடையாற்றை அடுத்த சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். நிலவு வண்டியைப் பூமியில் ஓட்டிப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. அயல்நாட்டிலிருந்து அதை வரவழைப்பது பெருஞ்செலவு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதையே பொடியாக்கிப் பயன்படுத்தினார்கள். சிக்கனம் என்பது மட்டமான பொருளை வாங்குவதன்று; கையருகே உள்ள சரியான பொருளைக் கண்டுகொள்வதாகும்.

5. எங்கே வாங்குவது?

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் மோட்டார், கம்பி, மின்கலம் யாவும் கிடைக்கும். விலை கடைக்குக் கடை மாறும். நாலு கடை விசாரித்து வாங்குங்கள். அலுமினியத் துண்டு, போல்ட்டு, பேரிங் போன்றவற்றுக்குப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள் உண்டு. இடப்பக்க மோட்டார்கள் இரண்டுக்கும் ஒன்று, வலப்பக்கத்திற்கு ஒன்று என, முன்னும் பின்னும் ஓட்டக்கூடிய ‘ஸ்பீடு கன்ட்ரோலர்’ இரண்டு வேண்டும். சக்கரம் கல்லில் சிக்கி நின்றால் மோட்டார் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். அதைத் தாங்கும் அளவுடையதாக அவை இருக்க வேண்டும். இரண்டாவது பெருஞ்செலவு வானொலிக் கருவி. ஒருமுறை நல்லதாக வாங்கிவிட்டால் அடுத்தடுத்த வண்டிகளுக்கும் அதுவே உதவும்.

முன்பு இதற்கும் தடை இருந்தது. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமமின்றி வானொலிக் கருவி வைத்திருப்பது குற்றமாயிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறனுடன் இயங்கும் கருவிகளுக்கு மத்திய அரசு 2005இல் உரிமத்திலிருந்து விலக்களித்தது. இன்றைய கட்டுப்பாட்டுக் கருவிகள் பெரும்பாலும் இந்த அலைவரிசையிலேயே இயங்குகின்றன.

ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. லித்தியம் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட் கிடைக்கும். மின்னேற்றும்போது ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டைத் தாண்டலாகாது; தாண்டினால் தீப்பிடிக்கும். பாதுகாப்புச் சுற்றும் ஃபியூசும் கட்டாயம் வேண்டும். பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்த, வரலாறு தெரியாத கலங்களைத் தொடாதீர்கள்.

6. எங்கே ஓட்டுவது?

கட்டட வேலைக்குக் குவித்த கருங்கற்களே நல்ல களம். உரியவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பறங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜோப் சார்னக்கின் கல்லறை இவ்வகைக் கல்லால் ஆனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்கு இட்டார். அதன் உடைந்த முகம் சொரசொரப்பானது. ரப்பருக்கு நல்ல பிடி கொடுக்கும். மழையில் நனைந்தால் பிடிப்பு குறையும். இரண்டு நிலையிலும் பலகைச் சோதனை செய்து ஒப்பிட்டால் ஒரு நல்ல செய்முறை அறிக்கை உங்கள் கையில்.

ஓட்டும்போது ஒரு சக்கரம் கல்லைத் தொட்டதும் நிறுத்துங்கள், அடுத்த சக்கரம் எங்கே விழும் என்று பாருங்கள், பிறகு நகர்த்துங்கள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். வழி இல்லையெனில் பின்வாங்கி வேறு பக்கம் முயலுங்கள். பிரக்யானும் அதையே செய்தது. அடுத்த அறிவியல் கண்காட்சிக்குள் நம் பௌதிகத் துறையில் இத்தகைய வண்டி ஒன்றேனும் உருவாகட்டும். நான்கு பேர் கூடினால் செலவும் நான்காகப் பிரியும்.