மூன்று கட்டைகள் தரும் கணக்குப் பாடம்

படிப்புத் தடைப்பட்ட பிள்ளைகளுக்கு நிகழ்தகவு என்ற கணிதப் பாடத்தை வீட்டு முற்றத்திலேயே சொல்லிக் கொடுக்கலாம். ஒரு பிடி களிமண்ணும் கரித்துண்டும் போதும்.

செய்முறை

ஒரே அளவான மூன்று தாயக்கட்டைகளைக் களிமண்ணாற் செய்து நிழலில் உலர விடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று இலக்கங்களே வரும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே இலக்கத்தை எழுதுங்கள்.

முதலாவது: 2, 4, 9
இரண்டாவது: 1, 6, 8
மூன்றாவது: 3, 5, 7

ஒவ்வொன்றிலும் கூட்டுத்தொகை 15. எனவே மூன்றும் சமம் என்றே பிள்ளைகள் எண்ணுவர்.

விளையாட்டு

ஒருவர் விரும்பிய கட்டையை எடுக்கட்டும். மற்றவர் மீதி இரண்டில் ஒன்றை எடுக்கட்டும். இருவரும் 36 முறை உருட்ட வேண்டும். கூடிய இலக்கம் பெற்றவருக்கு ஒவ்வொரு முறையும் நிலத்தில் ஒரு கோடு கீறுங்கள்.

கணக்கு

முதலாவது கட்டையையும் இரண்டாவதையும் எடுப்போம். மூன்றுக்கு மூன்றாக 9 சோடிகள் உண்டு. 2 என்பது 1ஐ மட்டும் வெல்லும். 4உம் 1ஐ மட்டும் வெல்லும். 9 மூன்றையும் வெல்லும். ஆகவே முதலாவதின் வெற்றி 9இல் 5. இவ்வாறே இரண்டாவது மூன்றாவதை 9இல் 5 தடவை வெல்லும். ஆனால் மூன்றாவதோ முதலாவதை 9இல் 5 தடவை வெல்லும்! எல்லாவற்றிலும் சிறந்த கட்டை என்று ஒன்று இல்லை. எதை எடுத்தாலும் அதை வெல்ல இன்னொன்று உண்டு.

36 முறை உருட்டினால் சுமார் 20 வெற்றி எதிர்பார்க்கலாம். சில வேளை 17உம் வரும். பல நாள் உருட்டிக் கூட்டினால் கணக்கு நெருங்கி வரும்.

அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் பிராட்லி எஃப்ரன் இத்தகைய நான்கு கட்டைகளை அமைத்தார். மாட்டின் கார்ட்னர் 1970ஆம் ஆண்டு சயன்டிபிக் அமெரிக்கன் சஞ்சிகையில் அவற்றைப் பற்றி எழுதினார்.

பெரியோர் கவனத்திற்கு

"நீங்களே முதலில் தெரிவு செய்யுங்கள்" என்று சூதாடுபவர் சொல்வது மரியாதை போலத் தோன்றும். ஆனால் இரண்டாவதாக எடுப்பவருக்கே வாய்ப்பு அதிகம். ஒரு முறைக்கு 10 ரூபா வீதம் 90 முறை ஆடினால், சராசரியாக 40 முறை வென்று 50 முறை தோற்போம். நட்டம் 100 ரூபா. இடையில் வரும் வெற்றிகள் அந்த நட்டத்தை மறைத்துவிடும். நிவாரணமாகவோ கூலியாகவோ கிடைத்த பணம் இப்படியே கரையும்.

சிந்திக்க

1. மற்றைய இரு சோடிகளையும் பிள்ளைகளே எழுதிச் சரிபார்க்கட்டும்.
2. ஒரேயொரு முறை வென்றவர் நல்ல கட்டையை எடுத்தார் என்று சொல்லலாமா?