ரெட்டெயில் தொட்டிக்குச் செடி: புதிதாகத் தொடங்குவோருக்கு

ரெட்டெயில் கெளுத்தி வாங்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "எந்தச் செடி வடிவா இருக்கும்?" என்றுதான். நான் முதலில் மீனைப் பற்றிப் பேசுவேன், அடுத்து கிணற்றைப் பற்றி. செடியின் முறை கடைசியில்தான் வரும். இந்த வரிசை தெரியாமல் காசைக் கொட்டினால் மறுநாள் காலையில் அந்தக் காசு தண்ணீரில் மிதக்கும்.

1. இந்த மீன் செடி தின்னாது. அமேசன், ஒரினோகோ ஆறுகளில் அது தின்பது மீனும் நண்டும், கரை மரங்களிலிருந்து விழும் பழமும்தான். செடியை அழிப்பது அதன் உடம்பு. பகல் முழுக்க மூலையில் கல்லுப் போலக் கிடக்கும், இருட்டினதும் எழும்பித் தொட்டியைச் சுற்றும். மணலைக் கிளறும், மரக்கட்டையைத் தள்ளும், திரும்பும்போது வாலால் ஒரு வீச்சு வீசும். நேற்று நட்ட செடிக்கு அது போதும். ஆகவே வேரை மணலில் ஊன்றித்தான் வாழவேண்டிய செடி எதையும் முதல் பட்டியலில் சேர்க்காதீர்கள். இன்னொன்று, கடையில் விரல் நீளத்தில் இருக்கும் குஞ்சு வளர்ந்து ஒரு மீற்றரைத் தாண்டும். நீளம் 10 அடி, அகலம் 5 அடி, ஆழம் 3 அடி என்று சீமெந்துத் தொட்டி கட்டினால் சுமார் 4200 லீற்றர் பிடிக்கும். வளர்ந்த மீனுக்கு அதுவும் தாராளம் இல்லை. நாலடிக் கண்ணாடித் தொட்டிக்காரர் நேரே 9ஆம் இலக்கத்துக்குப் போகலாம்.

2. கிணற்றைப் பாருங்கள். நமது புத்தளம் கரையோரத்தின் அடியில் சுண்ணக்கல் கிடக்கிறது. புத்தளம் சீமெந்துக்கு அருவக்காட்டில் வெட்டுவதும் அந்தக் கல்லைத்தான். அதனால் நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம், காரத்தன்மை கூட. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய இரைகௌவி மீன் நிறையக் கழிக்கும். அந்தக் கழிவிலிருந்து அமோனியா வரும். தண்ணீரின் பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். மலைநாட்டு மென்தண்ணீரில் தப்பிவிடும் அசட்டை இங்கே மீனைக் கொல்லும்.

கற்பிட்டிக் குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அங்கே மணலுக்குள் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக உவர்த் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரம் மணலூடாக நேரே கீழே இறங்குகிறது. குடிதண்ணீருக்கு உலக சுகாதார அமைப்பு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அந்தப் பக்கத்துக் கிணறுகள் சில அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொட்டியில் நைத்திரேற்று ஏறினால் தண்ணீரை மாற்று என்பது எல்லாரும் சொல்வது. ஊற்றுகிற தண்ணீரே நைத்திரேற்றோடு வந்தால் மாற்றி என்ன பயன்? இங்கே செடி அலங்காரத்துக்கு இல்லை, வேலைக்காரன். அந்தக் கண்ணோடு தேர்ந்தெடுங்கள். நாக்கில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் என்றால் இந்த மீனும் வேண்டாம், செடியும் வேண்டாம்.

3. தொட்டிக்குள் வைக்க என் முதல் தெரிவு அனுபியாஸ். மேற்கு ஆபிரிக்காவின் ஆற்றோரச் செடி, தடித்த தோல் போன்ற இலை, கல்லையோ கட்டையையோ பற்றி வளரும் கிழங்குத்தண்டு. அடுத்தது ஜாவா ஃபேர்ன். இரண்டும் மங்கல் வெளிச்சத்தில் வாழும், கடினத் தண்ணீரைத் தாங்கும். ஜாவா ஃபேர்ன் இலேசான உவரையும் பொறுக்கும். இரண்டுக்கும் மணல் தேவையே இல்லை. சொல்லப்போனால் அந்தக் கிழங்குத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். அனுபியாஸ் நம் சேம்பின் உறவு. சேப்பங்கிழங்கு உரித்துக் கை அரித்தவருக்கு, மற்ற மீன்கள் அதை ஏன் கடிப்பதில்லை என்று விளங்கும். ஒரே குறை, மெதுவாக வளரும். பத்துச் சின்னச் செடி வாங்குவதைவிட இரண்டு முற்றிய செடி வாங்குவது புத்தி.

4. கட்டுவதற்குத் தங்கூசி நூல் போதும், ஆனால் தளர்ந்த வளையம் ஒன்றுகூட விடாதீர்கள், செட்டையில் மாட்டும். பருத்தி நூல் வேர் பிடிக்க முன்னமே உக்கிவிடும். ஜெல் வகைச் சுப்பர் குளூ தண்ணீருக்குள்ளும் ஒட்டும். கட்டை பாரமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மீன் அதைக் கண்ணாடியில் மோதும். கண்டல் மரத்தை இதற்காக வெட்டாதீர்கள். கடற்கரையில் ஒதுங்கிய கட்டை என்றால் வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு உப்பைக் கழற்றுங்கள். பவளத் துண்டு, சிப்பி, கடல் மணல் மூன்றும் தொட்டிக்கு ஆகாது. ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும். கல்லில் சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

கல்லின் அளவும் முக்கியம். இந்த மீன் கூழாங்கல்லையும் வெப்பமானியையும்கூட விழுங்கும் சாதி. அதன் வாய்க்குள் போகாத கல்லை மட்டும் போடுங்கள், அதுவும் அடுத்த வருடத்து வாயைக் கணக்கில் வைத்து.

5. கிரிப்டோகொரைன் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். உலகமெங்கும் தொட்டிகளில் வளரும் கிரிப்டோகொரைன் வென்டியை, பெக்கெட்டியை, வாக்கேரை எல்லாம் இலங்கைக்கே உரிய செடிகள். நம் நாட்டுச் சரக்கு ஜெர்மனியில் அழகாக நிற்க நம் தொட்டியில் நிற்காதா என்று கேட்பது நியாயம். நிற்காது. வேரைக் குழப்பினால் இலை முழுவதையும் கரைத்துவிடும் செடி அது. ரெட்டெயிலோ தினமும் குழப்பும். ஆசை தீராவிட்டால் பாரமான மண்சட்டியில் நட்டு, மேலே பெரிய கற்களை நெருக்கி வைத்து, கட்டையின் பின்னால் ஒளியுங்கள். வெங்காயம் போலக் கிழங்குள்ள கிரைனம் தாயானமும் அப்படிச் சட்டியில் தாக்குப்பிடிக்கும். நாடா போன்ற அதன் நீள இலை கிழியாது. எதை வாங்கினாலும் வளர்ப்பவரிடம் வாங்குங்கள். ஓடையில் பிடுங்கி வந்து விற்பவரிடம் வேண்டாம். நம் கிரிப்டோகொரைன்களில் பல அருகி வருகின்றன.

6. இனி நான் அதிகம் நம்பும் இடம்: தண்ணீருக்கு மேலே. மணி பிளான்டின் தண்டைத் தொட்டி விளிம்பில் கட்டி, வேர் மட்டும் தண்ணீரில் தொங்கவிடுங்கள். இலை காற்றில் இருப்பதால் கரியமிலவாயுவுக்குப் பஞ்சமில்லை. அதனால் தண்ணீருக்குள் மூழ்கிய செடியைவிட வேகமாக வளரும். அந்த வேகத்துக்கேற்ப அமோனியாவையும் நைத்திரேற்றையும் இழுக்கும். கங்குன் இன்னும் வேகம். வற்றாளைக் கொடியும் சரி. வேர்க் கூட்டத்தை மீன் பிய்க்காமல் இருக்க, துளையிட்ட பிளாஸ்டிக் கூடையை விளிம்பில் மாட்டி அதற்குள் விடுங்கள். பில்ட்டர் தண்ணீர் விழும் பெட்டியிலேயே நட்டால் இன்னும் நல்லது.

கங்குனைச் சந்தையில் வாங்கி அப்படியே போடாதீர்கள். பூச்சிமருந்து அடித்ததா என்று நமக்குத் தெரியாது. தண்டை வாளியில் வேர்விட வைத்து, புதுத் தளிர் வந்த பிறகு அதை வெட்டி நடுங்கள். வாரம் ஒருமுறை அறுத்து வெளியே எடுங்கள். அறுத்ததை எடுக்காமல் தொட்டிக்குள் அழுகவிட்டால் இழுத்த நைதரசன் முழுக்கத் திரும்பி வந்துவிடும்.

7. மிதக்கும் செடி இந்த மீனுக்குப் பிடிக்கும், நிழல் தருமே. ஆனால் நம் நாட்டின் கதையைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 1909இலேயே ஆகாயத் தாமரைக்கு எதிராகச் சட்டம் போடவேண்டி வந்தது. சல்வீனியாவை 1939இல் கொழும்பில் படிப்புத் தேவைக்குக் கொண்டுவந்தார்கள். அது தப்பி வயலையும் குளத்தையும் மூடியது. தொட்டியில் அள்ளும் மிதவையை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். ஒல்லாந்தர் கால்வாயோ முந்தல் ஏரியோ தெதுறு ஓயாவோ குப்பைக்கூடை இல்லை. பெருத்துப்போன மீனுக்கும் இதே பேச்சுத்தான். அலங்கார மீனாக வந்த கத்திமீன் 1990களில் பெல்லன்வில - அத்திட்டிய சதுப்பில் பரவியதையும், டேங்க் கிளீனர் நம் நீர்த்தேக்கங்களில் பெருகியதையும் பார்த்த பிறகும் ஆற்றில் விடுகிறவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

8. வெளிச்சம் குறைவாக, நாளுக்கு ஆறேழு மணித்தியாலம். மீனுக்கும் அனுபியாசுக்கும் அதுவே சுகம். கூட்டினால் இலையில் பாசி.

9. இடம் இல்லாதவர்களுக்குச் சுங்கான் போதும். நம் குளத்து மீன், ஓரடியளவில் நின்றுவிடும், மேலே வந்து காற்றும் குடிக்கும். நெஞ்சுச் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு, கையால் பிடிக்காதீர்கள். இதுவும் இரவு வேட்டைக்காரன், சின்ன மீன்கள் தப்பா. ஆனால் தொட்டியைக் கவிழ்க்காது. ஆகவே வல்லிஸ்நேரியா, கொட்டி என்று தரைச் செடிகளையும் துணிந்து நடலாம். இரண்டும் நம் கடினத் தண்ணீரில் வளரும்.

10. மீனை இன்னும் வாங்கவில்லை என்றால் நல்லது. செடியை முதலில் வையுங்கள். புதுச் சீமெந்துத் தொட்டி என்றால் அதற்கும் முன்னமே பலமுறை தண்ணீர் கட்டி வடித்து, சுண்ணாம்பைப் போக்குங்கள். அனுபியாஸ் கட்டையை இறுகப் பற்ற ஓரிரு மாதம் எடுக்கும். மணி பிளான்ட் வேர்க்கற்றை விடவும் சில வாரம் வேண்டும். அதுவரை மீன் கடையிலேயே இருக்கட்டும், கடைக்காரர் தீனி போடுவார்.