கண்ணசைவு போதாது, தம்பி

செங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி ஆண்டு மலரில் நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதலாளியின் விமானத்தை விட்டுவிட்டுப் பெரிய ஏர்லைனில் சேரப் போகிறாய். லைசென்ஸ், மணிக்கணக்கு, டைப் ரேட்டிங், யார் எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரிந்த சங்கதி, அதை விடு. என்னை உறுத்தியது ஒரு வாக்கியம். “நானும் என் கேப்டனும் பல வருஷமாகச் சேர்ந்து பறக்கிறோம், செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு இல்லை, கண்ணசைவே போதும்” என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ஏர்லைனுக்குப் போக நீ அடுக்கியிருக்கும் காரணங்களில் ஒன்றுகூட எனக்குத் தேறவில்லை. நீ போயே ஆக வேண்டிய காரணம் இந்த வாக்கியத்தில் இருக்கிறது. அது உனக்கே தெரியவில்லை என்பதுதான் எரிச்சல்.

நெடுநாள் சேர்ந்து வாசித்த நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் கண்ணசைவில் காலப்பிரமாணம் மாற்றலாம். தவறினால் அன்றைய கச்சேரி கெடும், அவ்வளவுதான். 2014 மே 31 அன்று இரவு அமெரிக்காவில் பெட்ஃபோர்டு என்ற ஊரில் என்ன நடந்தது என்று பார். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4, தனியார் விமானம். ஓட்டிய இருவரும் ஏறத்தாழ 12 ஆண்டுகள் சேர்ந்து பறந்தவர்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது இறக்கை, வால் மடிப்புகள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் கஸ்ட் லாக்கை எடுக்காமலே ஓடுதளத்தில் வேகம் பிடித்தார்கள். விமானம் எழும்பவில்லை, ஓடுதளத்தைத் தாண்டிப் போய்த் தீப்பற்றியது. ஏழு பேரும் இறந்தார்கள். காக்பிட் குரல் பதிவில் செக்லிஸ்ட் என்ற பேச்சே இல்லை. விசாரணையாளர்கள் அதே விமானத்தின் முந்தைய 175 புறப்பாடுகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, கட்டுப்பாடுகள் முழுதாக அசைகின்றனவா என்ற சோதனை 98 சதவீதப் புறப்பாடுகளில் முழுமையாகச் செய்யப்படவில்லை என்று தெரிந்தது. அந்த இருவரும் கற்றுக்குட்டிகள் அல்லர். ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாக அறிந்ததால்தான் ஒருவர் விட்டதை மற்றவர் கேட்கவில்லை.

ஒரு விபத்தை வைத்து மொத்தத் தொழிலையும் எடைபோடலாமா என்று கேட்பாய். போடக்கூடாதுதான். அதனால்தான் அந்த விசாரணைக்குப் பிறகு அமெரிக்கத் தொழில்சார் விமானச் சங்கமே தன் துறையின் பறப்புப் பதிவுகளைத் தோண்டியது. 2013 முதல் 2015 வரை ஏறத்தாழ 1,44,000 பறப்புகள். அவற்றில் 15 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் அந்தச் சோதனை அரைகுறை. இன்னும் 2 சதவீதத்தில் அறவே இல்லை. மீதிப் பேர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு அவரவர் மனசாட்சியைப் பொறுத்து நின்றது. ஏர்லைனில் இன்று உன் பக்கத்தில் உட்காருபவரை நேற்று நீ பார்த்திருக்கமாட்டாய், நாளைக்கு வேறொருவர். அங்கே கண்ணசைவு யாருக்கும் புரியாது. வாய்விட்டுச் சொன்னால்தான் சொன்னது. போதாததற்கு ஒவ்வொரு இறக்கத்தின் பதிவையும் அலுவலகத்தில் ஒருவர் பார்க்கிறார். சிம்முலேட்டரிலும் லைன் செக்கிலும் இன்னொருவர் குறிப்பெழுதுகிறார். அந்நியர் முன்னால் பறக்கிற பழக்கம், அதைத்தான் நீ அங்கே கற்க வேண்டும். சம்பளமும் சீருடைப் பட்டையும் அப்புறம்.

அப்படியானால் கோழிக்கோடு? மங்களூரு? இரண்டும் ஏர்லைன்தானே, என்பாய். நியாயமான கேள்வி. 2010 மே 22 மங்களூருவில் 158 பேர் இறந்த விபத்தில், இறங்க வேண்டாம், திரும்ப மேலே போவோம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியிருந்தார். 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோட்டிலும் ‘கோ அரவுண்ட்’ என்ற குரல் எழுந்தது. கேப்டன் தொடர்ந்து இறக்கினார், துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை, 21 பேர் இறந்தார்கள். இரண்டு காக்பிட்டிலும் தப்பு நடக்கிறது என்று ஒருவர் கண்டுகொண்டார், உரக்கவும் சொன்னார். சொல்ல வேண்டிய சொல்லை நடைமுறை அவருக்குக் கொடுத்திருந்தது. கேட்கிற காதை அது கொடுக்காது, உண்மை. பெட்ஃபோர்டிலோ அந்தச் சொல்லே பிறக்கவில்லை. குறையுள்ள காவல் வேறு, காவலே இல்லாமை வேறு.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். “இதுவரை டாக்ஸி டிரைவர், இனிமேல்தான் பைலட்” என்று எழுதியிருக்கிறாய். யாருடைய வாயிலிருந்து இதைக் கற்றாய்? ஜெட் ஏர்வேஸ் 1993-ல் பிறந்தது ஏர் டாக்ஸியாகத்தான். 1953-ன் விமானக் கழகச் சட்டம் தனியாருக்குக் கால அட்டவணைச் சேவையை மறுத்திருந்த காலம். 1994-ல் சட்டம் ரத்தானது, 1995-ல் ஜெட் முழு ஏர்லைன் ஆனது. ‘சூரரைப் போற்று’ பார்த்துவிட்டுக் கைதட்டினோமே, அந்தக் கதைக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத் 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கும் முன் 1997 முதல் நடத்தியது வாடகை ஹெலிகாப்டர். 1963-ல் சென்னையில் ‘தி இந்து’ பத்திரிகைக் கட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோகச் சொந்த விமானங்கள் வைத்திருந்தது. இன்னும் பின்னால் போனால், 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய்க்குக் கொண்டுவந்ததும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுவந்ததும் வெறும் தபால் மூட்டை. இந்திய வானத்தில் பெரியதெல்லாம் சிறியதிலிருந்து வந்ததுதான். பை தூக்கியதை ஒரு பக்கம் புலம்பியிருக்கிறாயே, அந்த வேலையில் எடை, எரிபொருள், வானிலை, ஓடுதள நீளம் எல்லாவற்றையும் நீயே கணக்குப் போட்டாய். ஏர்லைனில் அது அச்சடித்த தாளாகக் கைக்கு வரும். அந்தத் தாளின் எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்தவனாக நீ அங்கே நுழைகிறாய்.

உன் எழுத்தில் ஒரு பத்தி மட்டும் அபாரம். ஆடி மாதம் மலையைத் தாண்டித் தூத்துக்குடிக்கு வருகிறாய். ஆரியங்காவு மேலே மேகம் அணைபோட்டு நிற்கிறது, குற்றாலத்தில் சாரல், செங்கோட்டைக் கணவாயில் பிதுங்கி வரும் காற்று மலைக்குக் கிழக்கே சின்ன விமானத்தைத் தூக்கிப் போடுகிறது. நம்மூர்க் காற்றாலைகளைச் சுழற்றுகிற அந்தக் காற்றை வானத்திலிருந்து இப்படித் தமிழில் எழுதி நான் படித்ததில்லை. அப்போது தூத்துக்குடி ஓடுதளம் வெறும் 1,350 மீட்டர் (இன்று 3,115). பக்கக்காற்று கூடியதும், முதலாளி அவசரப்படுத்தியும், “இன்றைக்கு இறங்க முடியாது” என்று சொல்லித் திருவனந்தபுரத்துக்குத் திரும்பினாய். இதற்கு மூன்றே வரி! 2001 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்பெனில் வாடகை ஜெட் மலையில் மோதி 18 பேர் இறந்தபோது, இறங்கியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் கொடுத்த நெருக்கடியையும் காரணங்களில் ஒன்றாக விசாரணை எழுதியது. சம்பளம் கொடுப்பவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது முடியாது என்று சொன்னவன் நீ. ஏர்லைனில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் விதிப்புத்தகம் துணை நிற்கும். நீ துணையில்லாமல் சொன்னாய். ஏர்லைன் பள்ளிகளால் இதைக் கற்றுத்தர முடியாது.

நிரந்தர வேலை என்ற காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதே. நம் மண்ணில் 2005-ல் எழுந்த பாரமவுண்ட் 2010-ல் முடிந்தது. கிங்ஃபிஷர் 2012, ஜெட் 2019 ஏப்ரல், கோ ஃபர்ஸ்ட் 2023 மே. சீனியாரிட்டிப் பட்டியலின் அடியில் பெயர் ஏறுவதைப் பற்றி நீ வருந்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டியலே காணாமல் போனவர்கள் உண்டு. போனால் கற்பதற்காகப் போ.

கடைசியாக, கிளம்புகிற விதம். 2023-ல் 43 விமானிகள் நோட்டீஸ் காலம் முடிக்காமல் விலகியதால் ஆகாசா ஏர் நீதிமன்றம் வரை போனது. பல விமானங்களை ரத்து செய்யவும் நேர்ந்தது. அது பெரிய நிறுவனம், தாங்கியது. உன்னுடையதில் விமானிகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் நோட்டீஸ் காலத்தை ஒரு நாள் குறையாமல் பறந்து கொடுத்துவிட்டுப் போ. அதுவரை, உன் கேப்டன் சிரித்தாலும் பரவாயில்லை, செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படி.

அன்புடன்,
உன் ஊர்க்காரன்