இழுத்துக் கட்டுவதா, இடித்துக் கட்டுவதா?

பசறை டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நாற்பது வருஷத்துக்கு மேல் மேசன் கரண்டி பிடித்தவன் நான். ஆட்டோ ஓட்டிச் சேர்த்த காசு, கொழும்புக் கடையில் நின்று உழைத்த காசு, அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு எல்லாம் சேர்ந்து இப்போது பல வாசல்களில் ஒரு டொல்பின் வேனாக வந்து நிற்கிறது. வந்த மறுகிழமை பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "மாமா, இருக்குற ஆட்டோ கராஜ இழுத்துக் கட்டலாமா, ஒடச்சிட்டுப் புதுசா போடலாமா?" கராஜின் சுவரைத் தட்டிப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மண்ணையும் தண்ணியையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முதன்முதலாகக் கட்ட இறங்கும் பிள்ளைகளுக்காக, எனக்குத் தெரிந்ததை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

1. முதலில் கராஜுக்குப் பின்னால் போய் நில்லுங்கள்.

நம் பக்கத்தில் சமதரை என்று ஒன்று கிடையாது. மேட்டை வெட்டித்தான் இடம் எடுத்திருப்பார்கள். வேனுக்கு நீளம் போதவில்லை என்றால் எல்லாருக்கும் முதலில் வரும் யோசனை, பின்சுவரை எடுத்துவிட்டு மேட்டை இன்னும் நாலடி உள்ளே வெட்டுவது. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

நானே அந்தப் பிழையைச் செய்தவன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தோட்டத்தில் லொறி நிறுத்துவதற்காக அப்படி வெட்டினேன். ஆனி மாதம். மண் பாறை மாதிரி நின்றது. மண்வெட்டி பட்ட இடம் மெழுகின தரை போல மினுங்கியது. கல்லுக்கட்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம். கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் விடியுமுன் மேட்டில் பாதி கராஜுக்குள் கிடந்தது. லொறியின் முன்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. வழக்கமாக அதற்குள்ளேயே படுக்கும் பையன் அன்று இரவு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். அந்த மண்ணை அள்ளிய மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மேட்டைப் பாருங்கள். மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, மேலே நிலம் பிளந்திருக்கிறதா, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கசிகிறதா, வருகிற தண்ணி கலங்கி வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இழுத்தும் கட்டக்கூடாது, இடித்தும் கட்டக்கூடாது. இடத்தையே மாற்ற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர் நம்மில் யாரும் இல்லை. ஆபத்தான இடம் என்று முன்னமே சொல்லப்பட்ட இடம் அது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையின்போது பதுளை மாவட்டம் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பதுளையிலேயே அலுவலகம் இருக்கிறது. அவர்களை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். ஒரு நாள் கூலி போகும், போகட்டும்.

மேடு நல்ல மேடாக இருந்தாலும் அதன் காலில் கல்லுக்கட்டு வேண்டும். கல்லுக்கட்டில் ஐந்தடிக்கு ஒன்றாக இரண்டங்குலக் குழாய் வைத்து, பின்னால் சல்லி நிரப்புங்கள். தண்ணி வெளியேற வழியில்லாத கல்லுக்கட்டு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் ஒரு நாள் வயிறு தள்ளும். மேட்டுக்கு மேலே கான் வெட்டி, மழைத்தண்ணியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். அதைப் பக்கத்து வீட்டுக்காரரின் முற்றத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்.

2. காணி யாருடையது என்று தெளிவாகுங்கள்.

லயத்தோடு ஒட்டிய இடம் என்றால் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். "பெரிய துரை வாயால சொன்னாரு" என்பது துரை மாறிய அன்றோடு முடிந்துவிடும். தனி வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் கிடைத்தவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போய்விடுகிறது. மலசலகூடக் குழி, கான், நடைபாதை, வெட்டின மேட்டின் சரிவு எல்லாம் போக மிஞ்சுவதில்தான் கராஜ். அந்தக் குழியின் மேல் மட்டும் வேனை நிறுத்தாதீர்கள். பழைய குழி மூடி வேனின் பாரத்தைத் தாங்காது.

பதுளை – செங்கலடி வீதியோரம் இருப்பவர்கள் வீதிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்டபிறகே கயிறு பிடியுங்கள். பிரதேச சபையில் அனுமதி எடுக்காமல் கட்டினதை இடிக்கச் சொல்லும்போது யாரும் துணைக்கு வரமாட்டார்கள்.

3. வாகனத்தை அளங்கள், பிறகு ஆளை அளங்கள்.

ஆட்டோ எட்டரை அடி நீளம், நாலேகால் அடி அகலம். டொல்பின் வேன் ஏறக்குறைய 15 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். வேன் மட்டும் உள்ளே போனால் போதாது. முன்பக்கமாக ஏற்றினால் இடப்பக்கம் தள்ளு கதவால் ஆள் இறங்க மூன்றடி, வலப்பக்கம் சாரதி இறங்க இரண்டடி, டயர் மாற்றப் பின்னால் இரண்டடி வேண்டும். உள்ளளவு 19க்கு 11 இருந்தால் நிம்மதி. கூரைமேல் சாமான் கட்டுபவர்கள் உயரத்தையும் மறக்காதீர்கள். இருக்கிற கராஜ் பத்துக்கு ஏழு என்றால் மூன்று சுவரையும் தள்ள வேண்டி வரும். அதற்குப் பிறகு இழுத்துக் கட்டுவது என்ற பேச்சே இல்லை.

4. மூலையில் இரண்டடி தோண்டிப் பாருங்கள்.

வெளிப்பக்க மூலையில், சுவரை ஒட்டி, கீழ்ச்சரிவுப் பக்கமாகத் தோண்டுங்கள். நம் ஊர்த் தரைகள் பாதி வெட்டுமண், பாதி கொட்டுமண். மேட்டை வெட்டிய மண்ணையே முன்னால் தள்ளி இடத்தை அகலமாக்கியிருப்பார்கள். மேட்டுப்பக்கச் சுவர் கெட்டி மண்ணில் நிற்கும்; பள்ளத்துப் பக்கச் சுவர் கொட்டின மண்ணில் நிற்கும். ஒவ்வொரு மழைக்கும் அது ஒரு நூலளவு இறங்கும். தரையில் நடுவாக நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடினால் காரணம் இதுதான். தோண்டும்போது கறுப்பு மண்ணும் தேயிலை வேரும் உடைந்த ஓடும் வந்தால் அந்த அத்திவாரத்தை நம்பாதீர்கள். கருங்கல் அத்திவாரம் கெட்டிச் செம்மண் வரை இறங்கியிருந்தால் அந்தச் சுவரை வைத்துக்கொள்ளலாம்.

வெடிப்பு பழையதா, இன்னும் நடந்துகொண்டிருப்பதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. வெடிப்பின் குறுக்கே உள்ளங்கை அகலத்துக்குச் சிமெந்துச் சாந்தை மெல்லிசாகப் பூசி, காயுமுன் ஆணியால் திகதியைக் கீறிவிடுங்கள். ஒரு மழைக்காலம் போகட்டும். பூச்சு முழுசாக இருந்தால் சுவர் இருப்புக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். மயிரிழை விட்டிருந்தாலும் சுவர் இன்னும் நகர்கிறது. அப்படிப்பட்டதோடு புதுச் சுவரைச் சேர்ப்பது, வழுக்குகிறவனின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது போல.

5. லயத்துச் சுவரில் தொற்ற வைக்காதீர்கள்.

கோடிக் காம்பரா வீட்டுக்காரருக்கு இது பெரிய ஆசை. இஸ்தோப்புப் பக்கம் ஏற்கனவே ஒரு சுவர் நிற்கிறது, மூன்று தூணும் பத்துத் தகரமும் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து லயங்கள் பல கருங்கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டியவை. தன் கூரையையே சிரமப்பட்டுத் தாங்கும் சுவரில் உத்திரத்தை ஏற்றினால் பக்கத்துக் காம்பராவிலும் வெடிக்கும். இரண்டு கூரைத் தண்ணியும் ஒரே இடத்தில் விழுந்து சுவரின் காலையும் ஊற வைக்கும். அதைவிடப் பெரிய பயம் நெருப்பு. ஒரு காம்பராவில் பிடித்தால் கூரை வழியாக வரிசை முழுதும் ஓடிவிடும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கலனில் பெற்றோல் சேர்த்து வைக்கப் பழகியவர்கள் இன்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. விறகடுப்பு எரியும் குசினிக்கும் கராஜுக்கும் இடையில் ஆள் நடக்க வெட்டவெளி இருக்கட்டும்.

6. பழசும் புதுசும் ஒன்றாக இறங்காது.

பழைய சுவர் இறங்க வேண்டியதை இறங்கி முடித்திருக்கும். புதுசு இனித்தான் இறங்கும். இரண்டையும் கல்லுக்குக் கல் பின்னிக் கட்டினால் சேர்ந்த இடத்திலேயே வெடிக்கும். அரை அங்குல இடைவெளி விட்டு, புதுச் சுவருக்குத் தனி அத்திவாரமும் தனித் தூணும் கொடுங்கள். இடைவெளியைத் தகரப் பட்டையால் மூடுங்கள். பார்க்க அழகில்லை என்பார்கள், சொல்லட்டும்.

7. கூரையைக் கச்சான் காற்றுக்காகக் கட்டுங்கள்.

மழையை எல்லாரும் நினைப்பார்கள். ஆடி ஆவணியில் நமுனுகுலைப் பக்கமிருந்து வீசும் காற்றை மறந்துவிடுவார்கள். முன்பக்கம் திறந்த கராஜுக்குள் காற்று புகுந்தால் தகரத்தைக் கீழிருந்து தூக்கும். உத்திரத்தைச் சுவரிலிருந்து வரும் கம்பியால் கட்டுங்கள். ஆணியை மட்டும் நம்பாதீர்கள். பழைய அஸ்பெஸ்டாஸ் சீற்றைக் கழற்றும்போது நனைத்து முழுசாக இறக்குங்கள். சுத்தியலால் உடைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கவிடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் வைக்கும்.

8. செலவு.

2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா மட்டில் இருந்த சிமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. அந்த அடி வாங்கினதிலிருந்து எல்லாரும் பழசை வைத்துச் சமாளிக்கவே பார்க்கிறார்கள், நியாயம்தான். ஆனால் இழுத்துக் கட்டினால் பாதிச் செலவு என்று நினைப்பது தவறு. ஒரு சுவரும் கூரையில் பாதியும் மட்டும் மாறினால்தான் இலாபம். கூரை முழுதும் கழன்று, இரண்டு சுவர் இடிந்து, தரையும் கொத்துப்படுகிறது என்றால் புதுசாகவே கட்டுங்கள். பழைய கல், மரம், கதவு எல்லாம் திரும்ப உதவும்.

9. காலம் பாருங்கள்.

அத்திவாரத்தை மாசி பங்குனியிலோ ஆனி ஆடியிலோ போடுங்கள். வெயில் காலத்தில் தண்ணிக்குத் தட்டுப்பாடு வந்தாலும் கொங்கிறீட்டை ஈரச்சாக்கு போட்டு ஏழு நாளாவது நனைத்து வையுங்கள். ஐப்பசி பிறந்தபின் மண்ணில் கை வைக்கவே வேண்டாம். கல்லுக்கட்டு முடியாமல் மழை பிடித்துவிட்டால் வெட்டின மேட்டைத் தறப்பாளால் மூடிவிட்டு, வேனைக் கீழே வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

10. கட்டி முடித்த பிறகும் கராஜுக்குள் யாரும் படுக்கக் கூடாது, மழை நாளில் எந்தக் காரணத்துக்கும் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அதை இன்றைக்கே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.