குளத்து மீனும் கைமுதலும்

வன்னியில் சொந்தக் காணியில் குளம் வைத்து மீன் வளர்க்கும் வர்த்தகச் சகோதரர்கள் கவனத்துக்கு:

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா தானாகவே பெருகும். சிறு குளத்தில் அளவுமீறிப் பெருகினால் இரை போதாமல் மீன் சிறுத்துவிடும், விலை போகாது. எனவே அடிக்கடி பிடித்துக் குறைக்க வேண்டும்.

கட்லா, ரோகு தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. பருவந்தோறும் குஞ்சு வாங்கி விட வேண்டும். அதைச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே ஒதுக்குங்கள். கட்லா மேல்நீரிலும் ரோகு நடுநீரிலும் மேய்வதால் இரைக்குப் போட்டி குறைவு.

கோடையில் நீர் வற்றும்போது விராலை முழுதும் பிடித்துவிடுங்கள். விட்டுவைத்தால் மாரியில் விடும் குஞ்சுகள் அதற்கு இரையாகும், முதல் கரையும்.

பிடிக்காத மீனைக் குத்துமதிப்பாக விற்பது 'கரர்', அதாவது நிச்சயமற்ற வியாபாரம் என மார்க்க அறிஞர்கள் தடுத்துள்ளனர். பிடித்துத் தராசில் போட்டபின் விலை பேசுங்கள். பறக்கத் அதில்தான்.