ஸ்க்ரப்பர் கலனுக்கு ஏற்ற பொருள் எது?

கேள்வி: முக்குளிப்போர் அணியும் ரீபிரீதர் கருவியின் ஸ்க்ரப்பர் கலனை அலுமினியத்தில் கடைந்து செய்துகொள்வது பாதுகாப்பானதா? பாலிகார்பனேட்டோ பிவிசி குழாயோ அதற்கு மாற்றாகுமா?

பதில்: வெளிவிட்ட மூச்சையே தூய்மைப்படுத்தி, செலவான ஆக்சிஜனை ஈடுசெய்து மீண்டும் சுவாசிக்கத் தருவது ரீபிரீதர்; அம்மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் மணிகளை அடைத்துவைக்கும் பாத்திரமே ஸ்க்ரப்பர் கலன். கலனுக்குள் உள்ள வாயுவின் அழுத்தமும் சுற்றியுள்ள நீரின் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், ஆக்சிஜன் சிலிண்டரைப் போல அது உயரழுத்தத்தைத் தாங்க வேண்டியதில்லை. எனவே வலிமையைவிட, ஈரமான காரத்தோடு ஒரு பொருள் எவ்வாறு வினைபுரியும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சோடா லைமின் பெரும்பகுதி கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. அதனுடன் சில விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடும், வினை நடப்பதற்கு இன்றியமையாத ஈரமும் கலந்திருக்கும். இக்காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். ஆக்சிஜன் செறிந்த மூச்சுச் சுற்றில் அவ்வாயு சேர்வது எவ்வகையிலும் விரும்பத்தக்கதன்று. அனோடைஸ் செய்த அலுமினியக் கலன்கள் புழக்கத்தில் உண்டு என்பது உண்மையே; ஆனால் அந்த ஆக்சைடுப் பூச்சும் காரத்தில் கரையும் இயல்புடையதாதலால், கீறல் விழுந்த இடத்தில் அரிப்பு விரைந்து பரவும். துத்தநாகமும் காரத்தில் கரைவதால் கால்வனைஸ் செய்த தகடும் விலக்கத்தக்கதே. 316 வகைத் துருப்பிடிக்கா எஃகு காரத்தைத் தாங்கும்; எனினும் வெப்பத்தை எளிதில் கடத்திவிடுவதால், குளிர்ந்த நீரில் சுவரை ஒட்டிய மணிகள் குளிர்ந்து, உறிஞ்சும் திறன் குறையும்.

பாலிகார்பனேட்டின் மூலக்கூற்றுப் பிணைப்புகளைக் காரம் உடைப்பதால், திருகுத் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் தோன்றும். உள்ளே தெரிகிறது என்பதாலும் பெரிய நன்மையில்லை: உறிஞ்சும் திறன் தீரும்போது நிறம் மாறும் மணிகள் சற்று ஓய்ந்தபின் பழைய நிறத்துக்கே திரும்பக்கூடியவை; அவற்றை நம்பி நீரில் இறங்குவது ஆபத்து. அக்ரிலிக் நீர்த்த காரத்தை ஓரளவு தாங்கினாலும், கிருமிநீக்கத்துக்குத் துடைக்கும் ஆல்கஹாலில் வெடிப்புறும். நெகிழ்வூட்டிகள் சேராத கடினப் பிவிசி காரத்துக்கு அஞ்சாது. ஆனால் அதை ஒட்டும் பசையின் கரைப்பான் ஆவி, வினையின் வெப்பத்தால் மூச்சுச் சுற்றில் கலக்கக்கூடும். அடர்த்தி மிகு பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் காரத்தால் ஏறக்குறைய பாதிப்படையாதவை. பசை ஒட்டாது என்பதும், வளைந்துகொடுக்கும் என்பதும் அவற்றின் குறைகள். கடைசலுக்கு இசைந்து வடிவம் மாறாதிருக்கும் அசெட்டால் கோபாலிமரே ஒட்டுமொத்தத்தில் மேலானது எனலாம்.

சுவர் வளைந்தால் மணிகள் தளர்ந்து, இடைவெளி வழியே மூச்சு உறிஞ்சப்படாமலே கடந்துவிடும். மூடியின் ஓ-ரிங் தேய்ந்தாலும் அதே விளைவுதான். வலிய காரத்தில் விட்டான் ரப்பரைவிட இபிடிஎம் ரப்பர் நீடித்து உழைக்கும்.

கடைசல் எண்ணெயைப் போக்க டிரைகுளோரோஎத்திலீனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அதன் எச்சம் சூடான சோடா லைமோடு வினைபுரிந்து டைகுளோரோஅசெட்டிலீன் என்னும் நரம்பு நஞ்சாக மாறும். ஒருகாலத்தில் அறுவை அரங்குகளில் மயக்கமருந்தாக டிரைகுளோரோஎத்திலீனைச் சோடா லைமுடன் பயன்படுத்தியபோது நோயாளிகளின் முக நரம்புகள் செயலிழந்ததுண்டு. மென்மையான சோப்பு நீரில் கழுவி, நல்ல நீரில் பலமுறை அலசி, முற்றிலும் உலர்த்துவதே போதுமானது. கலனின் பொருளோ வடிவமோ மாறினால், தயாரிப்பாளர் சோதித்து அறிவித்த உறிஞ்சு நேரம் அதற்குப் பொருந்தாது. மனித மூச்சைப் போலச் செய்துகாட்டும் சுவாசப் பொறியில் மறுசோதனை செய்யாமல் அக்கலனோடு நீரில் இறங்குதல் தகாது.