சிறு பெட்ரோல் எஞ்சின்கள்: பராமரிப்பும் பழுதறிதலும்

2015–16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர் ஆகும். மொத்த உடைமைகளில் ஏறத்தாழ 86 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுடையவை. இத்தகைய நிலங்களுக்கு விசைத் தெளிப்பான், களையெடுக்கும் இயந்திரம், புல்வெட்டும் கருவி, சிறு நீரிறைப்பான் ஆகியவை பெரிதும் ஏற்றவை. இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்களிலும் வடகிழக்கு மாநிலங்களின் மலைச்சரிவுகளிலும், டிராக்டர் ஏற இயலாத இடங்களில் இவையே துணை. இவற்றுள் பலவும் சிறு பெட்ரோல் எஞ்சினால் இயங்குபவை.

2014–15இல் தொடங்கப்பட்ட வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், கருவிகள் வாங்க மானியமும் வாடகை மையங்கள் அமைக்க உதவியும் அளிக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும் கருவியை வாங்குவது பாதிப் பணியே. பூச்சித் தாக்குதல் மிகுந்த வாரத்தில் தெளிப்பான் இயங்க மறுத்தால், விவசாயி இழப்பது பழுதுபார்க்கும் கூலியை மட்டுமன்று. அந்தப் பருவத்தின் விளைச்சலையே அவர் இழக்க நேரலாம். இயங்காத எஞ்சின்களுள் பல உண்மையில் உடைந்தவை அல்ல, கவனிப்பின்றி விடப்பட்டவை. முறையாகச் சோதித்தால் குறையை வயலிலேயே கண்டறியலாம்.

எரிபொருள்

எஞ்சின் இயங்க எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் தேவை. சோதனையையும் இவ்வரிசையிலேயே மேற்கொள்வது நன்று.

தொட்டியில் ஒரு மாதத்திற்கு மேல் தங்கிய பெட்ரோல் கெடத் தொடங்கும். அதிலிருந்து படியும் பிசின் கார்புரேட்டரின் நுண்துளையை அடைத்துவிடும். 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீத அளவை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்தால் அது பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். ஆகவே தேவையான அளவே பெட்ரோல் வாங்க வேண்டும். பருவம் முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டரையும் வற்றச் செய்ய வேண்டும்.

சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடும் எஞ்சினில், முதலில் தொட்டியின் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்க்க வேண்டும். உடனே சீராக ஓடினால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது என்பது பொருள்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் எண்ணெய் கலக்க வேண்டும். கலப்பு விகிதத்தைக் கையேடு குறிப்பிடும். 50:1 எனில் லிட்டருக்கு 20 மில்லி லிட்டர். 25:1 எனில் 40 மில்லி லிட்டர். எண்ணெயின்றி ஓட்டினால் பிஸ்டன் இறுகி எஞ்சின் பாழாகும். போர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி எண்ணெய் அறை உண்டு. அதன் அளவை நாள்தோறும், எஞ்சினைச் சமமான தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தானே நிற்கும் அமைப்புடைய எஞ்சின்கள், சரிவான நிலத்தில் எண்ணெய் போதிய அளவு இருந்தும் நின்றுவிடக்கூடும்.

காற்று

காற்று வடிகட்டி அடைபட்டால் எஞ்சின் கரும்புகை கக்கும், விசை குறையும், பெட்ரோல் செலவு கூடும். நுரைப்பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, சிறிது எண்ணெயிட்டுப் பிழிந்து பொருத்தலாம். காகித வடிகட்டியைக் கழுவலாகாது. மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும். வடிகட்டியின்றி ஓட்டினால் மணல்தூள் உட்புகுந்து சிலிண்டரைத் தேய்த்துவிடும். குளிர்விக்கும் தகடுகளிடையே சிக்கிய வைக்கோலையும் சேற்றையும் அகற்றாவிடில் எஞ்சின் மிகையாகச் சூடேறும்.

தீப்பொறி

ஸ்பார்க் பிளக்கின் நிறமே எஞ்சினின் நிலையை உணர்த்தும். இளம்பழுப்பு நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியையோ வடிகட்டி அடைப்பையோ காட்டும். வெண்மை, மிகையான வெப்பத்தைக் குறிக்கும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் தேங்கியுள்ளது. துடைத்து உலர்த்தி, சோக்கைத் திறந்துவைத்து மீண்டும் முயல வேண்டும். பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லி மீட்டர் வரை இருக்கும்.

தீப்பொறியைச் சோதிக்க, பிளக்கைக் கழற்றித் தொப்பியுடன் இணைத்து, அதன் உலோகப் பகுதி எஞ்சின் உடலைத் தொடுமாறு, பிளக் துளைக்கு அப்பால் வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். அருகில் பெட்ரோல் சிந்தியிருத்தல் கூடாது. நீலப்பொறி தோன்றினால் குறை வேறிடத்தில் உள்ளது. மூன்றும் சரியாக இருந்தும், பிளக்கைப் பொருத்திய பின் கயிறு தடையின்றி இலகுவாக வந்தால், சிலிண்டரில் அழுத்தம் குன்றியுள்ளது எனலாம். அப்போதுதான் மெக்கானிக்கை நாட வேண்டும்.

பாதுகாப்பும் பொறுப்பும்

கத்தியைத் தூய்மை செய்யுமுன் பிளக் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றலாகாது. மூடிய அறையில் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும்.

வாடகை மையங்களில் பலர் கைமாறும் கருவி எவருடைய பொறுப்பும் ஆகாமல் போவது இயல்பு. ஓடிய மணி நேரம், எண்ணெய் மாற்றிய நாள், கண்ட குறை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்தால் இக்குறை நீங்கும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955இலும், ஹரியானாவின் ஹிசாரில் 1963இலும் நிறுவப்பட்ட மைய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்கள் பராமரிப்புப் பயிற்சி அளித்து வருகின்றன. ஊருக்கு ஓர் இளைஞரேனும் இத்தகைய பயிற்சி பெற்றால், அரசு அளித்த மானியம் ஒரு பருவத்தோடு நில்லாமல் பல ஆண்டுகள் பயன் தரும்.